அழாத பிள்ளைக்கும் பால்: ஒன்ராறியோவின் பராமரிப்பு இல்லங்களில் குடும்ப மன்றங்கள்

ஒன்ராறியோ மாகாணத்தில் 600க்கும் மேற்பட்ட நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்கிறார்கள். தாயையோ தகப்பனையோ அங்கே சேர்க்கும் நாளில் குடும்பத்தின் கையில் ஒரு கட்டுக் காகிதத்தைத் திணித்துவிடுவார்கள்: கட்டண ஒப்பந்தம், சிகிச்சைக்கான சம்மதம், உடைகளுக்குப் பெயர் ஒட்டுவது பற்றிய குறிப்பு, குடியிருப்போரின் உரிமைப் பட்டியல். அந்தக் கட்டுக்குள் ‘குடும்ப மன்றம்’ என்று தலைப்பிட்ட தாளும் ஒன்று இருக்கும். அன்றைக்கு அதை வாசிக்கிற மனநிலை யாருக்கும் இருப்பதில்லை. சில மாதங்கள் கழித்து, அம்மாவின் மூக்குக் கண்ணாடி இரண்டாம் தடவையும் காணாமல் போகும்போதுதான் அந்தத் தாளைத் தேடுவார்கள்.

குடும்ப மன்றம் என்பது இல்லத்தில் வாழ்பவர்களின் உறவினரும் நெருங்கியவர்களும் தாமே கூடி நடத்தும் அமைப்பு. ஊதியம் கிடையாது. வேலை முடிந்து வந்த களைப்போடு மாதம் ஒருமுறை கூடுவார்கள். நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுவார்கள். புதிதாக வரும் குடும்பத்துக்கு வழி சொல்லுவார்கள். இவர்கள் எதைச் சாதிக்கிறார்கள்? சட்டம் இவர்களுக்கு எதைத் தந்திருக்கிறது, எதைத் தரவில்லை? இவர்களுடைய குரல் யாருக்காக ஒலிக்கிறது? இந்த மூன்றில் கடைசிக் கேள்வியே முதன்மையானது என்பது என் கருத்து. தன் தாய்க்காகப் பேசும் மகளுக்கு மன்றம் அவசியமில்லை. அவளுக்கு வாய் இருக்கிறது. மன்றம் தேவைப்படுவது, பேச ஆளில்லாத பக்கத்துக் கட்டில்காரருக்கு.

கை, கண், வாய்

இல்லங்களில் வாழ்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு மறதிநோய் இருக்கிறது. நேற்று என்ன சாப்பிட்டேன், யார் குளிக்க வார்த்தார், எங்கே விழுந்தேன் என்று சொல்ல இயலாதவர்கள் பலர். பணியின் பெரும்பகுதியைச் சுமப்பவர்கள் பி.எஸ்.டபிள்யூ என்று எல்லோரும் அழைக்கும் ஆதரவுப் பணியாளர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ரொறன்ரோ வட்டாரத்தில் பலர் குடியேறி வந்தவர்கள், அவர்களில் தமிழ்ப் பெண்களும் உண்டு. இல்லங்களில் பாதிக்கும் மேற்பட்டவை லாப நோக்கில் நடப்பவை. மீதியை லாப நோக்கற்ற அமைப்புகளும் நகராட்சிகளும் நடத்துகின்றன.

இந்த அமைப்புக்குள் குடும்பம் மூன்று வகையான வேலை செய்கிறது. முதலாவது கை வேலை: இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வந்து ஊட்டிவிடுவது, நகம் வெட்டுவது, தலைவாருவது. விழுங்கச் சிரமப்படும் ஒருவருக்குக் கரண்டி கரண்டியாக ஊட்ட அரை மணி நேரம் பிடிக்கும். ஒரே மேசையில் அப்படி மூன்று நான்கு பேர் இருந்தால் ஒரு பணியாளரால் என்ன செய்ய முடியும்? இரண்டாவது கண் வேலை: குதிகாலில் சிவந்திருக்கும் தோல், தண்ணீர்க் கோப்பை கைக்கெட்டாத தூரத்தில் இருப்பது, வழக்கமாகப் பேசுகிறவர் இன்றைக்குத் தூங்கி வழிவது ஆகியவற்றைக் கவனிப்பது. மூன்றாவது வாய் வேலை: கண்டதைச் சொல்வது, கேட்பது, விடாமல் மறுபடியும் கேட்பது.

மூன்றையும் செய்ய ஆளிருக்கிற முதியவரின் நிலை வேறு. ஒருவரும் வராத முதியவரின் நிலை வேறு. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது நம் வீடுகளில் பழகிப்போன சொல். பணியாளர் தட்டுப்பாடு உள்ள இல்லத்தில் அது எழுதப்படாத விதியாகவே நடக்கும். தினமும் வந்து கேள்வி கேட்கும் மகளின் தாய்க்கு முதலில் உடை மாற்றுவார்கள். அதில் பணியாளரின் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் இருக்கிற நேரத்தின் அளவு மாறாதபோது ஒருவருக்குக் கூடுதலாகக் கிடைத்த பத்து நிமிடம் இன்னொருவரிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். தனிக் குடும்பத்தின் வாதாட்டம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் அதற்கு இந்த எல்லை உண்டு. மன்றம் என்ற கூட்டு வடிவம் அதைத் தாண்டுவதற்கான முயற்சி.

எங்கிருந்து வந்தது

இந்த வடிவம் அரசாங்கம் யோசித்துக் கொடுத்ததல்ல. அமெரிக்காவில் 1960களின் நடுவில் அரசு மருத்துவக் காப்பீடுகளான மெடிகேர், மெடிகெய்ட் ஆகியவற்றின் பணம் பாயத் தொடங்கியதும் முதியோர் இல்லங்கள் பெருகின. கூடவே ஊழலும் அலட்சியமும் பெருகின. 1972இல் சில மாநிலங்களில் சோதனை முயற்சியாக, முறைப்பாடுகளை விசாரிக்கும் முறைகேள் அதிகாரி (ஒம்புட்ஸ்மன்) முறை தொடங்கியது. 1978இல் ஒவ்வொரு மாநிலமும் அதை நடத்தியாக வேண்டும் என்று சட்டம் வந்தது. 1975இல் எல்மா ஹோல்டர் தலைமையில் குடிமக்கள் குழுக்கள் ஒரு கூட்டமைப்பாகத் திரண்டன. இந்த அழுத்தமும், மருத்துவக் கழகம் (Institute of Medicine) 1986இல் வெளியிட்ட அறிக்கையும் சேர்ந்து 1987இன் சீர்திருத்தச் சட்டத்துக்கு வழிவிட்டன. குடும்பத்தினர் இல்லத்துக்குள்ளேயே மற்றக் குடும்பங்களோடு கூடலாம், அவர்களின் கருத்துக்கு நிர்வாகம் செவிகொடுக்க வேண்டும் என்பதை அந்தச் சட்டம் உரிமையாக்கியது.

ஒன்ராறியோவிலும் முதலில் வந்தவர்கள் குடிமக்கள்தான். ‘கன்சேர்ண்ட் ஃபிரெண்ட்ஸ்’ என்று சுருக்கமாக அறியப்படும் தொண்டர் அமைப்பு 1980இல் உருவானது. முதியோருக்கான சட்ட உதவி மையம் 1984இல் ரொறன்ரோவில் திறக்கப்பட்டது. குடும்ப மன்றங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, நல்ல நிர்வாகி இருந்த இடங்களில் அவரது தயவிலும், இல்லாத இடங்களில் சண்டை பிடித்தும் நடந்துவந்தன. நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள் சட்டம் 2007இல் நிறைவேறி, 2010 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோதுதான் அவற்றுக்குத் தெளிவான சட்ட நிலை கிடைத்தது. பெருந்தொற்றுக்குப் பிறகு அதன் இடத்தில் 2021ஆம் ஆண்டின் புதிய சட்டம் வந்து, 2022 ஏப்ரல் 11 முதல் நடப்பில் இருக்கிறது.

தாளில் உள்ள உரிமை

குடியிருப்போர் மன்றம் ஒவ்வோர் இல்லத்திலும் கட்டாயம். குடும்ப மன்றம் அப்படியல்ல. இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் குடும்பத்தினர் ஒருவர் கேட்டுக்கொண்டால், 30 நாட்களுக்குள் அதை நிறுவ நிர்வாகம் உதவ வேண்டும். மன்றமே இல்லாத இல்லத்தில், அமைக்கும் உரிமை உண்டு என்பதைக் குடும்பங்களுக்குத் தொடர்ந்து சொல்லிவருவதோடு, ஆண்டுக்கு இருமுறை கூட்டம் கூட்டியும் அதை அறிவிக்க வேண்டும்.

உறுப்பினராக இரத்த உறவு தேவையில்லை. குடியிருப்பவருக்கு முக்கியமானவர் எவரும் சேரலாம். ஐம்பது வருட அயலவரும், கோவில் நண்பரும் அதில் அடங்குவர். இல்லத்தின் உரிமையாளர், இயக்குநர்கள், நிர்வாகி, பணியாளர், அமைச்சின் ஊழியர் ஆகியோர் சேர முடியாது. அழைத்தால் மட்டுமே நிர்வாகம் கூட்டத்துக்கு வரலாம். தலையிடக் கூடாது. மன்றம் கேட்டால் அதற்கு ஓர் உதவியாளரை நியமித்துத் தர வேண்டும். அவர் அந்தப் பணியில் மன்றத்தின் சொல்லைக் கேட்டு நடக்க வேண்டியவர்.

எல்லாவற்றையும்விடக் கூர்மையான விதி இது: மன்றம் ஒரு குறையையோ பரிந்துரையையோ தெரிவித்தால், 10 நாட்களுக்குள் நிர்வாகம் எழுத்தில் பதில் தர வேண்டும். இதோடு பரிசோதகர்களின் அறிக்கைகளையும், அரசு தரும் நிதி எந்தெந்த வகையில் செலவாகிறது என்ற விவரத்தையும், நிதியறிக்கைகளையும் பார்வையிட மன்றத்துக்கு உரிமை உண்டு. ஆண்டுதோறும் எடுக்கும் கருத்துக் கணிப்பை நடத்தும்போதும் மன்றத்தின் ஆலோசனையைக் கேட்க வேண்டும். நல்லெண்ணத்தோடு செயல்பட்ட உறுப்பினர் மீது வழக்குப் போட முடியாது.

தாளில் படிக்கும்போது பலமான ஆயுதம்தான். கூர்ந்து பார்த்தால் அதன் ஓட்டையும் தெரியும். நிர்வாகம் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. குறையைத் தீர்க்க வேண்டும் என்று இந்த விதி சொல்லவில்லை. ‘உங்கள் கருத்துக்கு நன்றி, ஆராய்ந்து வருகிறோம்’ என்ற இரண்டு வரியும் பதில்தான்.

முறைப்பாடு பொதுப் பிரச்சினையாகும் விதம்

மன்றத்தின் உண்மையான வேலையை அறிய ஒரு சின்ன விஷயத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். சலவை.

அம்மாவின் நீலக் கம்பளிச் சட்டையைக் காணவில்லை. மகள் தாதியிடம் சொல்கிறாள்; தாதி சலவைப் பகுதிக்குச் சொல்வதாகச் சொல்கிறார். இரண்டு வாரம் கழித்து அதே சட்டையை நடைபாதையில் இன்னொரு மூதாட்டி போட்டுக்கொண்டு போகிறார். மகளுக்குக் கோபம் வருகிறது. பணியாளருக்கும் மகளுக்கும் இடையில் முகம் சுளிப்பு. சட்டை திரும்பி வருகிறது. பிரச்சினை தீர்ந்ததாகப் பதிவாகிறது. அடுத்த வாரம் வேறொருவருடைய காலுறை.

இதையே மன்றத்தின் மேசையில் வைக்கும்போது கேள்வி மாறுகிறது. எத்தனை குடும்பங்களுக்கு இது நடந்தது? எந்தத் தளத்தில்? எந்தக் கிழமைகளில்? பெயர்ச் சீட்டு ஒட்டியதா, தைத்ததா? இப்படி அடுக்கிப் பார்த்தால் காரணம் ஒரு தனிப் பணியாளரின் கவனக்குறைவைத் தாண்டி வேறெங்கோ இருப்பது தெரியவரும்: பெரிய உலர்த்தி இயந்திரத்தின் சூட்டில் உரிந்து விழும் சீட்டு, வார இறுதியில் ஆள் இல்லாத சலவை அறை. கடிதத்தில் ‘என் அம்மாவின் சட்டை’ என்ற சொற்றொடர் இராது. ‘இரண்டாம் தளத்தில் சனி, ஞாயிறுகளில்’ என்றிருக்கும். முதல் வாக்கியத்துக்கு மன்னிப்புக் கேட்டால் போதும். இரண்டாவது வாக்கியத்துக்கு யாரோ பணிநேர அட்டவணையைத் திருத்த வேண்டும். திருத்தினால் பலன், சட்டை காணாமல் போனதே தெரியாமல் இருக்கும் ஒருவருக்கும் சேர்த்துக் கிடைக்கும்.

அழைப்பு மணியும் அப்படித்தான். ‘எவ்வளவு நேரம் அடித்தும் ஒருவரும் வரவில்லை’ என்பது ஒவ்வொரு குடும்பமும் சொல்வது. பிற்பகல் பணி மாறும் வேளையில், சாப்பாட்டு நேரத்தில், இரவுப் பணியின் தொடக்கத்தில் என்று நேரம் குறித்து நான்கு வாரக் குறிப்போடு வரும் மன்றத்தை அவ்வளவு சுலபமாகத் தட்டிக் கழிக்க முடியாது.

சின்ன விஷயம் என்று நினைப்பவை எப்படிச் சட்டம் வரை போகும் என்பதற்கு ஒன்ராறியோவில் பேர்போன உதாரணம் டயபர். கணிசமான அளவு நனையும் வரை மாற்றாமல் விடுகிறார்கள், டயபர்களைப் பூட்டி வைத்து எண்ணிக் கொடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுகள் பல காலம் ஒலித்தன. 2008 பெப்ரவரியில் அன்றைய சுகாதார அமைச்சர் ஜோர்ஜ் ஸ்மிதர்மன், தானே ஒன்றைக் கட்டிச் சோதித்துப் பார்க்க யோசிப்பதாகச் சொல்லப்போய்ப் பெரும் கண்டனத்துக்கு ஆளாகி மன்னிப்புக் கேட்டார். பின்னர் வந்த ஒழுங்குவிதி, குடியிருப்பவர் சுத்தமாகவும் உலர்ந்தும் வசதியாகவும் இருக்கத் தேவையான அளவு மாற்ற வேண்டும் என்றும், கழிவறைக்கு அழைத்துச் செல்வதற்குப் பதிலாக டயபரைப் பயன்படுத்தக் கூடாது என்றும் எழுதி வைத்தது. எவ்வளவு நனைந்தால் மாற்றலாம் என்ற கணக்கு, ஒரு மனிதர் உலர்ந்திருக்கிறாரா என்ற கேள்விக்கு இடம் கொடுத்தது.

பயம்

இவ்வளவு உரிமை இருந்தும் மன்றங்களில் நாற்காலிகள் காலியாகக் கிடப்பது ஏன்? நேரமின்மை ஒரு காரணம். ஆனால் கூடத்தில் சந்திக்கும் குடும்பங்களிடம் பேசினால் முதலில் வெளிவருவது பயம். ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் இதைச் சொல்லும் விதம்: “நாங்கள் வெளிக்கிட்டாப் பிறகு அம்மா அவையின்ர கையிலதானே இருக்கிறா.” வாயைத் திறந்தால் அம்மாவுக்குத்தான் கரைச்சல் என்பது அதன் பொருள்.

முறைப்பாடு செய்தவரையோ குடியிருப்பவரையோ பழிவாங்குவதைச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் பழிவாங்கல் என்பது எப்போதும் வெளிப்படையாக வருவதில்லை. கேள்வி கேட்டால் சுருக்கமாகப் பதில் வரும், சிரிப்பு நின்றுபோகும். மிஞ்சிப்போனால் அத்துமீறல் சட்டத்தைக் காட்டி உறவினர் உள்ளே வரத் தடை. ஒட்டாவாவில் ஓய்வுகால இல்லமொன்றில் இருந்த தன் தாயைப் பார்க்க ஒரு மகளுக்கு ஏறத்தாழ ஓராண்டு தடை விதிக்கப்பட்டது. தாயின் பராமரிப்பைப் பற்றிக் கேள்வி எழுப்பியதே காரணம் என்று மகள் கூறினார். அவர் நடத்திய போராட்டத்தின் தொடர்ச்சியாக, குடியிருப்பவரின் விருந்தினரைத் தடுக்க அத்துமீறல் சட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பதைத் தெளிவுபடுத்தும் தீர்மானம் 2021இல் மாகாணச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தீர்மானம் சட்டத்தின் வலு உள்ளதல்ல.

பயத்துக்கு மன்றம் தரும் மருந்து எண்ணிக்கை. பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து எழுதிய கடிதத்தில் யாருடைய அம்மா என்று தேட முடியாது. சட்டம் தரும் பாதுகாப்பைவிட இது நடைமுறையில் பெரியது.

கண்ணுக்கு எட்டாதது

குடும்பத்தின் கவனத்தால் எல்லாவற்றையும் பிடித்துவிடலாம் என்று நினைப்பதும் தவறு. எலிசபெத் வெட்லாஃபர் என்ற தாதி 2007 தொடங்கிப் பல ஆண்டுகள் இன்சுலினைப் பயன்படுத்தி எட்டுக் குடியிருப்போரைக் கொன்றார். மேலும் பலருக்குத் தீங்கு செய்தார். 2016இல் அவரே ஒப்புக்கொள்ளும் வரை இல்லங்களோ அதிகாரிகளோ சந்தேகிக்கவில்லை. அவருக்கு 2017இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நீதிபதி ஐலீன் கிலீஸ் தலைமையிலான விசாரணைக்குழு 2019 ஜூலையில் 91 பரிந்துரைகளோடு அறிக்கை அளித்தது. வெட்லாஃபர் தாமாக ஒப்புக்கொண்டிராவிட்டால் குற்றங்கள் வெளிவந்தே இரா என்பதும், பிழை தனிமனிதர்களைவிட அமைப்பில்தான் இருந்தது என்பதும் அதன் முக்கிய முடிவுகள்.

தினமும் வந்து போன பிள்ளைகளும் அந்த இல்லங்களில் இருந்தார்கள். மருந்து அலமாரியின் கணக்கு, இரவுப் பணியில் எத்தனை தாதியர், இறப்புகளை யார் ஆராய்கிறார்கள் என்பவை பார்வையாளரின் கண்ணுக்கு எட்டாதவை. தொண்டர்களின் விழிப்பை அரசின் கண்காணிப்புக்கு மாற்றாக வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

ஆனால் நடந்தது என்ன? முழுமையான ஆண்டுப் பரிசோதனைகள் குறைந்துகொண்டே வந்தன. 2019இல் மாகாணத்தின் 626 இல்லங்களில் ஒன்பதில் மட்டுமே அவை நடந்தன. மீதிக்கு முறைப்பாடு வந்தால் மட்டும் பரிசோதகர் போனார். முறைப்பாட்டை மட்டும் நம்பும் கண்காணிப்பில், முறையிட ஆளில்லாதவர் கணக்கிலேயே வரமாட்டார்.

கதவு மூடிய 2020

2020 மார்ச் நடுவில் பார்வையாளர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. சாகும் தறுவாயில் உள்ளவர்களைப் பார்க்க வருபவர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. கை, கண், வாய் மூன்றும் ஒரே நாளில் அற்றுப்போயின. அதே காலத்தில் ஏறத்தாழ ஏழு வாரங்கள் அமைச்சின் பரிசோதகர்களும் இல்லங்களுக்கு நேரில் செல்லவில்லை என்பதை ஒன்ராறியோவின் முறைகேள் அதிகாரி போல் டுபே 2023 அறிக்கையில் பதிவு செய்தார்.

உள்ளே என்ன நடந்தது என்பது இராணுவம் மூலமாகவே வெளியே வந்தது. ரொறன்ரோ பெரும்பாகத்தில் ஐந்து இல்லங்களுக்கு உதவிக்கு அனுப்பப்பட்ட கனேடிய ஆயுதப் படையினரின் அறிக்கை மே 26 அன்று வெளியானது. கரப்பான் பூச்சிகள், அழுகிய உணவு, உதவி கேட்டு நீண்ட நேரம் கத்தியும் பதில் கிடைக்காதவர்கள், நிமிர்த்தி உட்கார வைக்காமல் படுக்கையிலேயே ஊட்டியதால் புரையேறியவர்கள் என்று அது அடுக்கிச் சொன்னது. நாடு அதிர்ந்தது. இவற்றில் பலவும் மன்றங்கள் அதற்கு முன்பே எழுதி வந்தவைதாம் என்பதே குடும்பங்களின் கசப்பு.

கனடாவின் முதல் அலைக் கோவிட் இறப்புகளில் 81 வீதம் பராமரிப்பு இல்லங்களைச் சேர்ந்தவை; ஒப்பிடப்பட்ட பணக்கார நாடுகளின் சராசரி 38 வீதம். ஒன்ராறியோவில் முதல் ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 4,000 குடியிருப்போர் இறந்தார்கள். நீதிபதி ஃபிராங்க் மரோக்கோ தலைமையிலான ஆணையம் 2021 ஏப்ரல் 30 அன்று அளித்த அறிக்கை, பல தசாப்தப் புறக்கணிப்பையும் ஆயத்தமின்மையையும் சுட்டிக்காட்டியது. மறுபுறம், 2020 நவம்பரில் வந்த சட்டமொன்று, கோவிட் தொடர்பான வழக்குகளில் பாரிய அலட்சியத்தை நிரூபித்தால் மட்டுமே வெல்ல முடியும் என்று ஆக்கிவிட்டது.

குடும்பங்களின் போராட்டம் ஒன்றை வென்றது. 2020 செப்டம்பரில் ‘அத்தியாவசியப் பராமரிப்பாளர்’ என்ற தகுதி ஏற்கப்பட்டது. ஒருவருக்கு இருவர் வரை நியமிக்கலாம், தொற்று பரவும் காலத்திலும் அவர்களுக்கு வழி விட வேண்டும் என்பது அன்றைய விதி. 2021இன் சட்டத்தில் உள்ள 29 உரிமைகளில் ஒன்றாக, பராமரிப்பாளரின் தொடர்ச்சியான பாதுகாப்பான ஆதரவைப் பெறும் உரிமையும் சேர்ந்தது. பார்வையாளராக இருந்த மகள், சட்டத்தின் கண்ணில் பராமரிப்பின் ஓர் உறுப்பானாள்.

எதிர்வாதங்கள்

மன்றங்களைப் பற்றிய விமர்சனங்களில் நான்கு கனமானவை.

முதலாவது, குடும்பத்தின் குரல் குடியிருப்பவரின் குரலாகிவிடாது. விழுந்துவிடுவார் என்று பயந்து அப்பாவைச் சக்கர நாற்காலியிலேயே இருத்தச் சொல்லும் மகனும், விழுந்தாலும் பரவாயில்லை நடப்பேன் என்னும் அப்பாவும் ஒரே பக்கத்தில் இல்லை. அதனால்தான் சட்டம் இரண்டு மன்றங்களைத் தனித்தனியே வைத்திருக்கிறது. குடும்ப மன்றம் தன் முடிவுகளைக் குடியிருப்போர் மன்றத்தோடு ஒத்துப் பார்க்காவிட்டால், முதியவரின் விருப்பத்தைப் பிள்ளைகளின் பயம் விழுங்கிவிடும்.

இரண்டாவது, மன்றம் கரைந்துகொண்டே இருக்கும் அமைப்பு. இல்லத்துக்கு வருபவர்களில் பலர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள். சட்டத்தைக் கற்று, நிர்வாகியின் போக்கைப் பழகி, அட்டவணை படிக்கத் தெரிந்துகொண்ட செயலாளர் தன் தாயின் அந்தியேட்டியோடு விலகிவிடுகிறார். அடுத்தவர் ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்குகிறார். நிர்வாகத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. மன்றங்களுக்குப் பயிற்சியும் கையேடும் தரும் ‘ஃபேமிலி கவுன்சில்ஸ் ஒன்ராறியோ’ போன்ற அமைப்புகள் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன.

மூன்றாவது, மன்றத்தை ‘நல்ல பிள்ளை’ ஆக்கிவிடும் ஆபத்து. நத்தார் விருந்து, பூந்தொட்டி, ஊழியர் பாராட்டு நாள் என்று வேலை கொடுத்தே அதன் நேரத்தைக் கரைத்துவிடலாம். இவை வேண்டாதவை அல்ல. ஆனால் ஆண்டு முழுக்க ஒரு பரிசோதனை அறிக்கையையும் கேட்டு வாங்கிப் படிக்காத மன்றம், தனக்குத் தந்த உரிமையைத் தானே மடித்து வைத்துவிட்டது.

நான்காவது, பணியாளரை எதிரியாக்கும் ஆபத்து. யோர்க் பல்கலைக்கழகத்தின் பட் ஆம்ஸ்ட்ரோங் தம் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் காட்டியது, வேலை செய்பவரின் நிலைமையும் பராமரிக்கப்படுபவரின் நிலைமையும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை. பகுதிநேர வேலைகளை இரண்டு இல்லங்களில் செய்து, முதுகுவலியோடு ஓடும் பெண்ணிடம் ஆத்திரத்தைக் காட்டுவது எளிது. ஆள் எண்ணிக்கையைத் தீர்மானிப்பவரிடம் கேட்பதுதான் கடினம். ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு மணி நேர நேரடிப் பராமரிப்பு என்ற இலக்கை 2025 மார்ச் 31க்குள் எட்டுவதாக மாகாணம் சட்டத்தில் எழுதியது. அது மாகாணச் சராசரி. தனி இல்லம் ஒவ்வொன்றும் எட்ட வேண்டிய அளவு அல்ல. ‘நம் இல்லத்தில் எவ்வளவு?’ என்று கேட்பது மன்றத்தின் வேலை. அந்தக் கேள்வியில் பி.எஸ்.டபிள்யூவும் குடும்பமும் ஒரே அணி.

ஸ்காபரோவின் தமிழர்கள்

இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தவர்களும், பிள்ளைகளால் ‘ஸ்பொன்சர்’ செய்யப்பட்டு வந்த பெற்றோரும் இன்று எண்பதைத் தொட்டும் தாண்டியும் இருக்கிறார்கள். மறதிநோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் முதலில் உதிர்ந்து தாய்மொழி மட்டும் மிஞ்சுவது அடிக்கடி காணப்படுவது. ‘வயிறு கொதிக்குது’, ‘தலை இடிக்குது’ என்பது புரியாமல், அவர் கத்துகிறார் என்று மட்டும் குறிப்பேட்டில் பதிவாகும். மாட்டிறைச்சி சேர்ந்த சாப்பாட்டை ஒதுக்கினால் ‘பசியில்லை’ என்று எழுதப்படும். ஆண் பணியாளர் குளிக்க வார்க்க வந்தால் எதிர்க்கும் மூதாட்டி ‘மூர்க்கமானவர்’ ஆகிவிடுவார்.

சீன சமூகம் இதற்குத் தன் வழியில் விடை கண்டது: மருத்துவர் ஜோசப் வோங் முன்னின்று எழுப்பிய யீ ஹொங் மையம் 1994இல் ஸ்காபரோவில் திறக்கப்பட்டது. அதில் இடம் கிடைக்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருப்பதே அதன் தேவைக்குச் சான்று. சொந்த இல்லம் எழுப்பும் வரை நமக்குக் கையில் இருப்பது, இருக்கிற இல்லங்களின் மன்றங்கள். அங்கே தமிழ்க் குடும்பங்கள் குறைவாகவே வருகின்றன. கூட்டம் ஆங்கிலத்தில், பிள்ளைகளுக்கு இரண்டு வேலை, அதற்கு மேலாக, ‘அம்மாவை ஹோமில விட்டிட்டினம்’ என்ற ஊர்ப் பேச்சுக்குக் கூசி, பெற்றோர் எங்கே இருக்கிறார்கள் என்பதையே வெளியில் சொல்லாத வழக்கம். வெட்கம் இருக்கிற இடத்தில் அமைப்பு உருவாகாது. பதினோராம் மாத மாவீரர் நாளுக்கும் தைப்பொங்கலுக்கும் மண்டபம் நிரப்பத் தெரிந்த சமூகத்துக்கு, ஓர் இல்லத்துக்குப் பத்துப் பேரைத் திரட்டுவது பெரிய காரியமில்லை.

மற்ற இடங்களில்

அல்பேர்ட்டாவில் குடியிருப்போர் மற்றும் குடும்ப மன்றங்களுக்கென்றே தனிச் சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா 2014இல் கனடாவின் முதல் முதியோர் வழக்குரைப்பாளர் அலுவலகத்தை அமைத்தது. இங்கிலாந்தில், மறதிநோயோடு மருத்துவமனையில் அடைபட்டுச் சிதைந்த தன் தந்தையின் பெயரில் எழுத்தாளர் நிக்கி ஜெரார்டும் நண்பர் ஜூலியா ஜோன்ஸும் 2014இல் தொடங்கிய ‘ஜோன்ஸ் கம்பெயின்’, உடனிருக்கும் உரிமையைப் பேச்சுப்பொருளாக்கியது. பராமரிப்பு இல்லங்களில் பார்வையாளரை அனுமதிப்பது 2024 ஏப்ரல் முதல் அங்கே ஒழுங்குவிதி. அவுஸ்திரேலியாவில் அரச ஆணையத்தின் 2021 இறுதி அறிக்கையைத் தொடர்ந்த சீர்திருத்தங்களில், குடியிருப்போரும் குடும்பத்தினரும் ஆலோசனைக் குழு அமைக்க ஆண்டுதோறும் வாய்ப்புத் தர வேண்டும் என்ற கடமையும் வந்தது.

இப்படி வெளியிலிருந்து ஒன்ராறியோ எதைக் கடன் வாங்கலாம் என்று கேட்டால், வேறு இரண்டைச் சொல்வேன். அமெரிக்க மாநிலங்களில் முறைகேள் அலுவலகம் பயிற்சி கொடுத்துச் சான்றளித்த தொண்டர்கள் இல்லம் இல்லமாகச் செல்கிறார்கள். தன் தாய் இல்லாத இல்லத்துக்கும் போகிறார்கள். அவுஸ்திரேலியா 1992 முதல் தனித்துப்போன முதியவர்களைத் தேடிச் சென்று பார்க்கும் தொண்டர் திட்டத்தை அரசு நிதியில் நடத்துகிறது. உறவு என்ற நூலே இல்லாமல் ஒருவருக்காக நிற்க முடியும் என்பதை இரண்டும் காட்டுகின்றன.

செய்ய வேண்டியவை

மேலே பார்த்தவற்றைக் கூட்டிப் பார்த்தால் மூன்று திருத்தங்கள் தெளிவாகத் தெரிகின்றன. 10 நாள் பதிலில் என்ன செய்யப்படும், எப்போது, யாரால் என்பவை இடம்பெற வேண்டும்; செய்ய மறுத்தால் காரணத்தை எழுதி, பரிசோதகர் பார்க்கும் கோப்பில் சேர்க்க வேண்டும். தாயோ தகப்பனோ இறந்த பிறகும் ஓரிரு ஆண்டுகள் உறுப்பினராகத் தொடரும் உரிமையைச் சட்டத்திலேயே தர வேண்டும். அனுபவம் புதைபடாமல் இருக்க வேறு வழியில்லை. மொழிபெயர்ப்பாளருக்கான செலவை இல்லம் ஏற்க வேண்டும்.

நான்காவது ஒன்று உண்டு. அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. ஒவ்வொரு கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலிலும் நிரந்தரமாக ஒரு கேள்வியை மன்றமே வைக்கலாம்: கடந்த மாதம் ஒரு பார்வையாளரும் வராதவர்கள் எத்தனை பேர்? பெயர் வேண்டாம், தனியுரிமை அதைத் தடுக்கும். எண்ணிக்கையும் தளமும் போதும். அவர்களுக்கு இரவுச் சாப்பாடு எப்படிப் போகிறது, ஆண்டுக்கு ஒருமுறை நடக்க வேண்டிய பராமரிப்புக் கலந்தாய்வில் அவர்கள் பக்கம் யார் உட்காருகிறார்கள் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டால், 10 நாட்களில் எழுத்தில் பதில் வந்தாக வேண்டும். அந்தப் பதிலைக் கேட்டு வாங்கும் மன்றமே சட்டம் தந்த உரிமையை முழுமையாகப் பயன்படுத்துகிறது. கேட்காத மன்றம், வாய் உள்ளவர்களின் வரிசையை இன்னும் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறது, அவ்வளவுதான்.